சுவர் நீளம்

எனக்கு ஓவியம் பார்க்கத் தெரியாது.
அது தொங்கப்போகும் சுவரை அளக்கத் தெரியும்.
ஜார்ஜ்டவுனில், பழைய சுங்கக் கிடங்கை விழுங்கி
வளர்ந்துகொண்டிருக்கிறது கலைக்கூடம்;
அதன் மூன்றாம் வயிற்றுக்கு
அளவுக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு.

"உலகம் முழுக்க இப்படித்தான்," என்றார்
கட்டடக் கலைஞர், முதல் கூட்டத்தில்
திரையில் படம் மாற்றி மாற்றி.
அரண்மனை போதாமல் முற்றத்துக்கு அடியில் தோண்டிய ஊர்,
மின்நிலையத்தையே காலி செய்து படம் மாட்டிய ஊர்,
பாலைவனக் கரையில் கடல்மேல் கூரை விரித்த ஊர்.
எல்லாவற்றுக்கும் கீழே சதுர மீட்டர்.
ஒன்றிலும் ஓவியத்தின் பெயர் இல்லை.
என் முதலாளி ஊய் மட்டும் காதோரம் கேட்டார்:
"கழிவறை எத்தனை?"

இப்போது வரைபடம் என் மேசையில்.
மிகப் பெரிய அறை, குளிரூட்டி இயந்திரங்களுக்கு.
அடுத்தது, கடல் பார்த்த உணவகம்.
பிறகு மின்தூக்கி, படி, பை வைக்கும் இடம், கடை,
நன்கொடையாளர் பெயர்களுக்கென்று
முழுசாய் ஒரு சுவர்.
கழித்துக் கழித்து வந்தேன்.
நூற்றுக்கு இருபத்தொன்பது மிஞ்சியது
ஆணி அடிக்க.

காப்பாளர் சுரைனி கிடங்குக்குக் கூட்டிப்போனாள்.
இழுத்தால் வரும் கம்பிச் சட்டங்கள்;
சட்டத்துக்கு எட்டுப் பத்து முகம்,
மாடிக் கொடியில் நெருக்கிப் போட்ட துணிபோல.
இங்கே ஆறாயிரம், மேலே முந்நூறு என்றாள்.
"புது இடம் வந்தால்?"
"நானூறு."
"அவ்வளவுதானா?"
சிரித்தாள்.
கட்டடம் பெரிதாகிறது என்று செய்தி வந்த நாளிலிருந்து
இறந்தவர்களின் பிள்ளைகள் லாரியில் அனுப்புகிறார்களாம்,
இதுவரை தொள்ளாயிரம்.
வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லையாம்,
சிலது நன்றாகவே இருக்கிறதாம்.
யானை வாங்கியவன் கொட்டகையைப் பெரிதாகப் போட்டான்;
கொட்டகையைப் பார்த்து இன்னொரு யானை வந்து நின்றது.

கடைசிச் சட்டத்தில் ஒன்று, என் உள்ளங்கை அளவு.
நீர்வண்ணம். மழையில் படகுத்துறை,
குடை இல்லாத ஒருவன்.
ஐம்பத்தெட்டில் வந்தது. ஒருமுறையும் மேலேறவில்லை.
பழக்கதோஷம், அளந்தேன்:
ஐந்தேகால் அங்குலம், நான்கு.
இது எவ்வளவு இடத்தைப் பிடித்துவிடும் என்றேன்.
"சின்னதுக்குத்தான் நிறைய வேணும்.
பக்கத்தில் எதுவும் இருக்கக் கூடாது."
என் அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

ஜெலுத்தோங்கில் என் வாடகை பிளாட்
அறுநூற்றைம்பது சதுர அடி, நான்கு பேர்.
ஒப்பந்தம், ஏழாம் பிரிவு: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
கீர்த்திவாணன் வரைந்த டைனோசர்
குளிர்பெட்டிக் கதவில், மின்கட்டண பில்லுக்குக் கீழே
ஒரு காந்தத்தின் தயவில் நிற்கிறது.
வால், தாளுக்கு வெளியே போய்விட்டது.
"மீதி எங்கேடா?"
"இன்னொரு தாள் ஒட்டணும்மா."

ஒப்படைப்புக்கு முந்தின நாள்
குறை பார்க்க நடந்தேன், பென்சிலோடு.
படம் வராத கூடம். பெயின்ட் வாசம்.
என் செருப்புச் சத்தம் என்னைத் தேடித் திரும்பி வந்தது.
பதினான்காம் சுவர், நாற்பத்திரண்டு அடி,
நடுவில் மயிரிழை விரிசல்.
வட்டம் போட்டேன், தேதி எழுதினேன்.
பிறகு, ஏனோ, பட்டியலில் சேர்க்கவில்லை.

திறப்பு விழாவுக்கு அழைப்பு வரவில்லை.
நான்காவது ஞாயிறு டிக்கெட் வாங்கிப் போனேன்.
பதினான்காம் சுவரில் அந்த மழை மட்டும்.
அத்தனை வெள்ளைக்கு நடுவே,
வளர்ந்தவர்கள் குனிய வேண்டிய உயரத்தில்.
என் வட்டம் அதற்குப் பின்னால் இருக்கிறதா,
பூசி மறைத்துவிட்டார்களா, தெரியவில்லை.
கொஞ்ச நேரம் நின்றேன்.
காசு கொடுத்திருக்கிறோமே என்று இன்னும் கொஞ்ச நேரம்.
அவன் நனைந்துகொண்டே இருந்தான்.

கைப்பேசி அதிர்ந்தது. ஊய்:
"திங்கட்கிழமை சீக்கிரம் வா.
பின்னால் இருக்கிற கார் பார்க்கை
அளந்து வைக்கச் சொல்கிறார்கள்."